டிஎஸ்எல்ஆரா, மிர்ரர்லெஸ்ஸா? சிங்கப்பூரில் முதல் கேமரா வாங்குபவர்களுக்கு

தீபாவளி நெருங்கினாலும் சரி, டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினாலும் சரி, கேமரா கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "போன் படம் போதவில்லை, நல்ல கேமரா ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன். டிஎஸ்எல்ஆர் வாங்கவா, இந்தச் சின்ன மிர்ரர்லெஸ் வாங்கவா?" பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். (டிஎஸ்எல்ஆர் உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகை, மிர்ரர்லெஸ் கண்ணாடி இல்லாத புதிய வகை. விவரம் இரண்டாம் படியில்.) கடையில் புதிதாக வாங்குவதென்றால் மிர்ரர்லெஸ். டிஎஸ்எல்ஆர்தான் வேண்டுமென்றால் பழையது, அதுவும் நன்றாகச் சோதித்துப் பார்த்து. புதிய டிஎஸ்எல்ஆருக்கு முழு விலை கொடுக்க இன்று எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

டிஎஸ்எல்ஆர் மோசமான கேமரா என்பதல்ல இதற்குக் காரணம். கேனனும் நிக்கானும் 2020க்குப் பிறகு தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் எதையும் புதிதாக வெளியிடவில்லை. 2018இல் வந்த நிக்கான் டி3500 தயாரிப்பிலேயே இல்லை. தங்கள் உயர்நிலை வரிசையில் 1டிஎக்ஸ் மார்க் 3தான் கடைசி டிஎஸ்எல்ஆர் என்று கேனன் 2021 இறுதியில் சொல்லிவிட்டது. புதிய லென்ஸ்கள் எல்லாம் மிர்ரர்லெஸ்ஸுக்குத்தான் வருகின்றன. வளராத வரிசையில் புது விலை கொடுத்து நுழைவானேன்? அதே சமயம், பலர் மிர்ரர்லெஸ்ஸுக்கு மாறியதால் அவர்கள் விற்ற டிஎஸ்எல்ஆர்களும் லென்ஸ்களும் பழைய சந்தையில் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. கையில் பணம் குறைவாக இருக்கிறவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு.

சரி, ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

படி 1: எதைப் படமெடுக்கப் போகிறீர்கள்?

கடைக்குப் போகுமுன் இதை ஒரு தாளில் எழுதுங்கள். "எல்லாம் எடுப்பேன்" என்று எழுதக்கூடாது. அடுத்த ஓராண்டில் நிச்சயமாக எடுக்கப்போகும் நான்கைந்து படங்களை எழுதுங்கள். வீட்டுக்குள் ஓடும் பிள்ளை, தங்கையின் திருமணம், தைப்பூசக் காவடி, சுங்கை புலோவில் பறவைகள், சிராங்கூன் சாலையின் தீபாவளி ஒளியூட்டு என்று இருக்கலாம்.

உணவங்காடியில் சாப்பாட்டுப் படம், சுற்றுலாவில் குடும்பத்தோடு நின்று எடுக்கும் படம் இவ்வளவுதான் பட்டியலில் என்றால் கேமரா வேண்டாம். இப்போதிருக்கும் போன் அதை நன்றாகவே செய்யும். வாங்கிய கேமரா அலமாரியில் பூசணம் பிடிக்கும். (சிங்கப்பூரில் இது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல. ஏழாம் படியில் வருகிறது.)

பட்டியலில் ஓடும் பிள்ளையும் காணொளியும் இருந்தால் மிர்ரர்லெஸ் பக்கம் சாயுங்கள். கோயில் பூசை, திருமணம் போன்றவற்றில் சத்தமில்லாமல் எடுக்க முடிவதும் பெரிய வசதி. பகல் வெளிச்சத்தில் நிதானமாக எடுக்கும் இயற்கைக் காட்சி, தெருக்காட்சி, உட்காரவைத்து எடுக்கும் முகப்படம் இவைதான் என்றால் பழைய டிஎஸ்எல்ஆர் தாராளமாகப் போதும்.

படி 2: உள்ளே என்ன வேறுபாடு என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை அது மேலே திருப்பி வியூஃபைண்டருக்கு, அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் துளைக்கு, அனுப்பும். ஷட்டரை அழுத்தினால் கண்ணாடி மேலே மடங்கும், படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் வெளிச்சம் விழும், கண்ணாடி மறுபடி இறங்கும். "கிளாக்" என்ற சத்தத்தில் பெரும்பங்கு அந்தக் கண்ணாடியுடையது. மிர்ரர்லெஸ்ஸில் கண்ணாடி கிடையாது. வெளிச்சம் எப்போதும் சென்சார்மேல் விழுந்துகொண்டே இருக்கும், சென்சார் பார்ப்பதைத் திரையிலோ மின்னணு வியூஃபைண்டரிலோ நாம் பார்க்கிறோம்.

கண்ணாடி அசைய இடம் தேவையில்லை என்பதால் உடம்பு மெலிந்துவிட்டது. கேனனின் இஎஃப் டிஎஸ்எல்ஆர்களில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே 44 மி.மீ. தூரம். அதே கேனனின் ஆர்எஃப் மிர்ரர்லெஸ்ஸில் 20 மி.மீ. நிக்கானில் 46.5 மி.மீ. என்பது 16 மி.மீ. ஆகிவிட்டது. சின்னதாக இருக்கிறதே, தரம் குறையுமோ என்று பயப்பட வேண்டாம். டி3500, சோனி ஏ6400, கேனன் ஆர்50 மூன்றிலும் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவுள்ள 24 மெகாபிக்சல் சென்சார்தான். ஒரே லென்ஸ் தரம், ஒரே வெளிச்சம் என்றால் படத்தைப் பார்த்து எது எதில் எடுத்தது என்று சொல்வது கடினம்.

பயன்பாட்டில்தான் வேறுபாடு தெரியும். மிர்ரர்லெஸ்ஸில் படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பதை எடுக்குமுன்பே திரையில் பார்க்கலாம். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை: சக்கரத்தைத் திருப்பினால் படம் இருளுவதும் வெளுப்பதும் கண்முன்னே நடக்கும். இன்னொன்று, கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ். பிள்ளை படச் சட்டத்தின் ஓரத்துக்கு ஓடினாலும் ஃபோகஸ் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டரில் ஃபோகஸ் புள்ளிகள் நடுப்பகுதியில்தான் இருக்கும், எண்ணிக்கையும் குறைவு. டி3500இல் 11 புள்ளிகள்தான். திரையைப் பார்த்து எடுத்தால் அதன் ஃபோகஸ் இன்னும் மெதுவாகிவிடும். கேனன் 200டி மார்க் 2 இதில் விதிவிலக்கு. திரை வழியாக எடுக்கும்போது அது ஏறக்குறைய மிர்ரர்லெஸ் போலவே வேகமாகப் பிடிக்கும்.

டிஎஸ்எல்ஆருக்கு உள்ள உண்மையான வலிமை பேட்டரி. டி3500 ஒரு முறை சார்ஜ் செய்தால் 1,550 படங்கள் என்பது நிறுவனக் கணக்கு. சின்ன மிர்ரர்லெஸ்களில் அது சில நூறோடு நின்றுவிடும். ஆகவே மிர்ரர்லெஸ் வாங்கினால் இரண்டாவது பேட்டரியையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

படி 3: பெயர்களைச் சுருக்குங்கள்

புதிய மிர்ரர்லெஸ்ஸில் நான் முதலில் பார்க்கச் சொல்வது கேனன் ஆர்50. 2023இல் வந்தது. பேட்டரியோடு 375 கிராம்தான். மனிதர்களையும் விலங்கு, பறவைகளையும் அடையாளம் கண்டு ஃபோகஸ் செய்யும். அதே ஆண்டு வந்த ஆர்100 விலை குறைவு என்பதால் கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். அதன் திரை திரும்பாது, தொட்டாலும் வேலை செய்யாது. போனில் பழகிய விரல்களுக்கு அது பெரிய எரிச்சல். வித்தியாசத் தொகையைச் சேர்த்துக்கொண்டு ஆர்50க்கே போகலாம், அல்லது நிக்கான் இசட்50 மார்க் 2 பார்க்கலாம். அது கொஞ்சம் கனம், ஆனால் கைப்பிடி அருமை.

சோனியின் இசட்வி-இ10, நிக்கான் இசட்30 இரண்டும் காணொளிக்காகச் செய்தவை, வியூஃபைண்டர் கிடையாது. மதிய வெயிலில் மரீனா பே பக்கம் நின்று திரையைப் பார்த்துப் படமெடுத்தால் வியூஃபைண்டரின் அருமை புரியும். இசட்வி-இ10 மார்க் 2இல் இன்னொரு சிக்கல்: அதில் இயந்திர ஷட்டரே (சென்சாரை மூடித் திறக்கும் மறைப்பு) இல்லை, மின்னணு ஷட்டர் மட்டும்தான். மேடை எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழ வாய்ப்பு அதிகம். திருமண மேடை, கலைநிகழ்ச்சி, தீபாவளி ஒளியூட்டு எடுக்கிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. காணொளிக்கு மட்டும் என்றால் நல்ல கேமராதான்.

பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் மூன்றே பெயர்கள் போதும்: நிக்கான் டி3500, டி5600, கேனன் 200டி மார்க் 2. கேனனின் 1500டி, 3000டி இரண்டும் பழைய சந்தையில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் 200டி மார்க் 2ஐக் கையில் எடுத்தபின் அவற்றை வாங்க மனம் வராது. 200டி மார்க் 2இல் ஒரே குறை, ஃபிளாஷ் பொருத்தும் இடத்தில் நடுப்பின் கிடையாது. ஒற்றைப் பின்னை நம்பி வேலை செய்யும் மலிவு ஃபிளாஷ்கள் அதில் எரியாது.

வாங்கவே கூடாத பட்டியல் ஒன்றும் இருக்கிறது. கேனன் எம்50, எம்200 போன்ற எம் வரிசை, நிக்கான் 1 வரிசை, சாம்சங் என்எக்ஸ் வரிசை. மூன்றும் மிர்ரர்லெஸ், மூன்றும் சின்னது, அழகு, பழைய சந்தையில் ஆசை காட்டும் விலை. ஆனால் அந்த லென்ஸ் வளையங்களை அந்தந்த நிறுவனமே கைவிட்டுவிட்டது. புது லென்ஸ் வராது. "இதுவும் கேனன் மிர்ரர்லெஸ்தானே" என்று எம்50 வாங்கினால், அதன் லென்ஸ் எதுவும் பிற்பாடு ஆர் வரிசையில் பொருந்தாது.

படி 4: பாடிக்கு மட்டுமல்ல, லென்ஸுக்கும் பணம் வையுங்கள்

பலர் கோட்டைவிடும் இடம் இது. இருக்கிற பணம் முழுவதையும் பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா உடம்பு) போட்டு, கூடவே வரும் கிட் லென்ஸோடு வீட்டுக்கு வருகிறார்கள். அந்த லென்ஸ் பகலில் பரவாயில்லை. மண்டபத்துக்குள் தடுமாறும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆர்50 உடன் வரும் 18-45 லென்ஸை முழுக்க நீட்டினால் அதன் துவாரம் (வெளிச்சம் நுழையும் வாய், எண் குறைந்தால் வாய் பெரிது) எஃப் 6.3. மலிவான 50 மி.மீ. லென்ஸின் துவாரம் எஃப் 1.8. இரண்டாவது உள்ளே விடும் வெளிச்சம் முதலாவதைவிட ஏறத்தாழ 12 மடங்கு. கோயில் மண்டபத்தில் கிட் லென்ஸுக்கு ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன் அளவு, கூடினால் படம் மணல்மணலாகும்) 6400 தேவைப்பட்டால் எஃப் 1.8க்கு 500 அளவே போதும். ஒன்றில் மாமியின் பட்டுப்புடவைக் கரையே மணல்மணலாகத் தெரியும், மற்றதில் ஜரிகை நூல் தெரியும். டிஎஸ்எல்ஆரா மிர்ரர்லெஸ்ஸா என்ற கேள்வி படத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தராது. லென்ஸ் தரும்.

எந்த அளவு வாங்குவது? மி.மீ. எண் குறையக் குறையப் படத்துக்குள் அகலமாகப் பிடிக்கும். இணையத்தில் எல்லாரும் 50 மி.மீ. என்பார்கள். கேனன் ஏபிஎஸ்-சி கேமராவில் அது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும். மூவறை வீவக வீட்டின் கூடத்தில் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாலும் சோபாவில் இருக்கும் நான்கு பேர் சட்டத்துக்குள் வரமாட்டார்கள். நம் வீடுகளின் அளவுக்கு 24இலிருந்து 35 மி.மீ. வரைதான் சரி. பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆருக்கு 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ், கேனன் டிஎஸ்எல்ஆருக்கு 24 மி.மீ. எஃப் 2.8 தட்டை லென்ஸ். இரண்டும் பழைய சந்தையில் எளிதில் கிடைக்கும். சோனி என்றால் சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4. நிக்கான் மிர்ரர்லெஸ்ஸுக்கு 24 மி.மீ. எஃப் 1.7. கேனன் ஆர் வரிசைக்கு முன்பு இந்த இடத்தில் பெரிய ஓட்டை இருந்தது. 2024இலிருந்து சிக்மா அதற்கும் லென்ஸ் செய்யத் தொடங்கியபின் நிலைமை மாறிவிட்டது.

நிக்கான் டி3500, டி5600 வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அவற்றின் உடம்புக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கும் லென்ஸ்களில்தான் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். "மாமா வீட்டில் பழைய நிக்கான் லென்ஸ் இருக்கிறது" என்று ஏஎஃப்-டி லென்ஸைப் பொருத்தினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

பணத்தைப் பிரிப்பதில் என் கணக்கு இது: 1,500 வெள்ளி ஒதுக்கியிருந்தால் பாடிக்கும் கிட் லென்ஸுக்கும் 1,000 வெள்ளிக்குமேல் போகக்கூடாது. மீதி, வெளிச்சமான லென்ஸ் ஒன்று, இரண்டாவது பேட்டரி, நல்ல மெமரி கார்டு, ஈரப்பதத்திலிருந்து காக்கும் பெட்டி. அந்த எல்லைக்குள் ஆசைப்பட்ட புது மிர்ரர்லெஸ் வரவில்லையா? அப்போதுதான் பழைய டிஎஸ்எல்ஆர் அல்லது பழைய மிர்ரர்லெஸ். பழைய சோனி ஏ6400 இந்த வகையில் மிக நல்ல பேரம்.

படி 5: கடையில் கையில் பிடித்துப் பாருங்கள்

சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம் பெனின்சுலா பிளாசா, அதை அடுத்த பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் இரண்டிலும் கேமராக் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. பழைய பொருள் விற்கும் கடைகளும் அங்கேயே உண்டு. ஃபுனானும் நடை தூரம்தான். ஒரு பிற்பகலில் சுற்றி முடித்துவிடலாம். முதல் நாள் வாங்குவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டே போங்கள்.

கையில் எடுத்ததும் சுண்டுவிரல் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். சின்ன மிர்ரர்லெஸ்களில் அது தொங்கும். சிலருக்கு அது பொருட்டே இல்லை, சிலருக்கு அரை மணி நேரத்தில் கை வலிக்கும். கண்ணாடி அணிபவர்கள் வியூஃபைண்டரின் நான்கு மூலையும் தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் கழுத்தில் மாட்டிக்கொண்டு கொஞ்சம் நடங்கள். பிள்ளையின் பை, தண்ணீர்ப் போத்தல், குடை இவற்றோடு இதையும் எம்ஆர்டியில் தூக்கிக்கொண்டு போவீர்களா என்பதுதான் கேள்வி. வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகும் கேமராவால் பயனில்லை.

விலை பேசுமுன் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: "லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா?" லோக்கல் செட் என்றால் சிங்கப்பூர் விநியோகஸ்தரின் உத்தரவாதம் இருக்கும். எக்ஸ்போர்ட் செட் விலை குறையும், ஆனால் பழுதானால் கடைதான் பொறுப்பு. கடை மூடிவிட்டால் அதுவும் இல்லை. முதல் கேமராவுக்கு லோக்கல் செட் வாங்கச் சொல்வேன். ஊருக்குக் கொண்டுபோய் அப்பாவுக்குக் கொடுக்க வாங்குகிறீர்கள் என்றால் உத்தரவாதம் இந்தியாவிலும் செல்லுமா என்று அட்டையில் படித்துப் பாருங்கள். பல நிறுவனங்களில் வாங்கிய நாட்டுக்குள்தான் செல்லும். ஜப்பான் சுற்றுலாவில் மலிவாகக் கிடைக்கிறது என்று சோனி வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும்: அங்கே உள்நாட்டுச் சந்தைக்கு விற்கும் சோனி கேமராக்களின் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும்.

சொல்லும் விலையில் பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். 2024 முதல் அது 9 விழுக்காடு. வரிக்குப் பதிவுசெய்த கடை, ஒட்டும் விலையில் வரியைச் சேர்த்தே காட்ட வேண்டும். பில் போடும்போது "அது தனி" என்றால் வெளியே வந்துவிடுங்கள். கேமரா விலையைக் குறைத்துச் சொல்லி, ஃபில்டர், பை, ட்ரைபாட் என்று ஒவ்வொன்றாகத் தலையில் கட்டும் பழைய வித்தை இன்னும் சில இடங்களில் நடக்கிறது. பில்லில் ஒவ்வொரு பொருளின் பெயரும் விலையும் வரிசை எண்ணும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கிய பொருள் பழுதாக இருந்தால் பயப்பட வேண்டாம். "லெமன் லா" என்று சொல்லப்படும் சட்டம் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. கடையில் வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் பழுது, வாங்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தரவேண்டும். அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். கடை மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம், அதற்குமேல் 20,000 வெள்ளி வரையுள்ள வழக்குகளுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது.

படி 6: பழையது வாங்குகிறீர்களா? பத்து நிமிடம் சோதியுங்கள்

லெமன் லா கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் உண்டு. ஆனால் கரோசல் செயலியில் தனி ஆளிடம் வாங்கினால் கிடையாது. அதனால் சோதனை முழுவதும் உங்கள் பொறுப்பு. எம்ஆர்டி நுழைவாயிலில் நின்றுகொண்டே கைமாற்றும் வழக்கம் கேமராவுக்கு ஆகாது. உட்கார மேசை இருக்கும் இடமாகக் கேளுங்கள். உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோங்கள்.

முதலில் லென்ஸ். அதைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகச் சாய்வாகப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசு இருந்தால் கவலையில்லை. ஓரத்தில் சிலந்தி நூல் போல மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூசணம். விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். சுத்தம்செய்யும் கூலி பல நேரம் கிட் லென்ஸின் விலையைத் தாண்டிவிடும், பூசணம் கண்ணாடிப் பூச்சை அரித்திருந்தால் அந்தத் தழும்பு போகவும் போகாது.

அடுத்து சென்சார். துவாரத்தை எஃப் 16க்கு வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தால் புள்ளிகள் தெரியும். மங்கலான தூசுப் புள்ளி துடைத்தால் போகும். கீறல் என்றால் விட்டுவிடுங்கள்.

நிக்கான் என்றால் எடுத்த ஜேபெக் படத்தின் உள்விவரத்திலேயே இதுவரை ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பது பதிவாகியிருக்கும். அதைப் படித்துச் சொல்லும் இலவசத் தளங்கள் உண்டு. டி3500 ஷட்டர் ஒரு லட்சம் முறை இயங்கும் அளவுக்குச் சோதிக்கப்பட்டது. இருபதாயிரம் முப்பதாயிரம் என்றால் தயங்காமல் வாங்கலாம். கேனன் இதைப் படத்தில் எழுதுவதில்லை. அங்கே ரப்பர் பிடியின் தேய்மானம், லென்ஸ் வளையத்தின் கீறல், ஷட்டர் பொத்தானின் பளபளப்பு இவற்றை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். பிசுபிசுக்கும் ரப்பர், நம் ஊர் ஈரத்தில் பாதுகாப்பில்லாமல் கிடந்த கேமராவின் அடையாளம். எல்லாப் பொத்தானையும் ஒருமுறை அழுத்துங்கள், உள்ஃபிளாஷ் எழுகிறதா பாருங்கள், பேட்டரி வீங்கியிருக்கிறதா பாருங்கள். பாடியின் அடியில் உள்ள வரிசை எண்ணும் பெட்டியில் உள்ளதும் ஒன்றா என்பதையும்.

படி 7: வாங்கிய அன்றே ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள்

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். இரவில் அதற்கும் மேலே போகும். லென்ஸுக்குள் பூசணம் வளர இதைவிட நல்ல இடம் வேண்டுமா? கேமராப் பையிலேயே மூடி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். பையின் பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கடையில் டிரை கேபினட் என்று கேளுங்கள். மின்சாரத்தில் இயங்கும் சின்னப் பெட்டி, ஒரு பாடிக்கும் இரண்டு மூன்று லென்ஸுக்கும் மிகச் சின்ன அளவே போதும். உள்ளே ஈரப்பதம் 40இலிருந்து 50 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். இன்னும் வறட்சி நல்லது என்று 30க்குக் கீழே இறக்கினால் ரப்பர், மசகு எல்லாம் காய்ந்துபோகும். இப்போதைக்குப் பணமில்லை என்றால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஈரப்பதமானி ஒன்று. ஜெல்லின் நிறம் மாறியதும் காயவைக்கவோ மாற்றவோ வேண்டும், மறந்தால் டப்பா வெறும் டப்பாதான்.

குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே போனால் லென்ஸ் முழுக்கப் பனிபடரும். துடைத்தால் மறுபடி படரும். பையை மூடியபடியே வெளியே கொண்டுவந்து இருபது முப்பது நிமிடம் விட்டுவிட்டுப் பிறகு திறங்கள். பனி படர்ந்திருக்கும்போது லென்ஸைக் கழற்றவே கூடாது.

தைப்பூசத்துக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டுக்குப் போகும் வழியில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். பால், தண்ணீர், விபூதி எல்லாம் காற்றிலேயே இருக்கும். தொடக்கநிலை மிர்ரர்லெஸ்களில் பெரும்பாலானவற்றில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் அப்படியே திறந்து நிற்கும். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடியும் ஷட்டரும் முன்னால் மறைத்துக்கொண்டிருக்கும், அந்த விஷயத்தில் அது கொஞ்சம் பாதுகாப்பு. எதுவானாலும் வீட்டிலேயே ஒரு லென்ஸை முடிவுசெய்து மாட்டிக்கொண்டு போங்கள்.

படி 8: முதல் நாள் அமைப்புகள்

தேதி, நேரம் சரியாக வையுங்கள். மெனுவில் காணொளி முறையை பால் (PAL) என்று மாற்றுங்கள், விளக்குத் துடிப்பு அளவு கேட்டால் 50 ஹெர்ட்ஸ். சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இங்கே விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். மண்டபத்தில் காணொளி எடுக்கும்போது ஷட்டர் 1/50 அல்லது 1/100 நொடியில் இருந்தால் திரையில் பட்டைகள் ஓடாது. புகைப்படத்திலும் எல்இடி விளக்கின்கீழ் பட்டை தெரிந்தால் சத்தமில்லா ஷட்டரை அணைத்துவிடுங்கள். அதுதான் மின்னணு ஷட்டர், பட்டைக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். தீபாராதனை நேரத்தில் மட்டும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். கோயிலுக்குள் படமெடுக்க அனுமதி உண்டா என்று முதலில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், கருவறைப் பக்கம் எங்குமே கேமராவைத் திருப்ப வேண்டாம்.

முழு மேனுவல் முறைக்கு இப்போதே போகத் தேவையில்லை. சக்கரத்தைத் துவார முன்னுரிமைக்குத் (துவாரத்தை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) திருப்புங்கள், கேனனில் ஏவி, மற்றவற்றில் ஏ. ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பை 6400 என்று வையுங்கள். ஓடும் பிள்ளையை எடுக்கும்போது மட்டும் ஷட்டர் முன்னுரிமைக்கு மாறி 1/250 நொடியைவிட மெதுவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தை ரா, ஜேபெக் இரண்டிலும் சேமியுங்கள்: ஜேபெக்கை அன்றே நிறுவனத்தின் செயலி வழியாகப் போனுக்கு மாற்றிக் குடும்பக் குழுவில் போட்டுவிடலாம், ரா கோப்புகள் பிற்பாடு திருத்தக் கற்றுக்கொள்ளும்போது உதவும்.